நெல் அறைக்குள் இருந்த கணினி

சொஹார், ஓமான்
2024 ஒக்டோபர் 4, வெள்ளிக்கிழமை, காலை 6.40
மின்சுற்று அட்டைகள் நூற்றுப் பதினாறு. நினைவக வளையங்கள் நாற்பத்தொன்பதாயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு.

அன்புள்ள அக்கா,

மேலே உள்ள இரண்டு எண்களும் நான் வரும்போது அப்படியே இருக்கவேண்டும். நான் சுகம். நீங்களும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு விசயத்துக்கு வருகிறேன்.

போனில் சொல்லிப் பார்த்தேன், சரிவரவில்லை. நான் கணினி என்றால் நீங்கள் கோழி என்கிறீர்கள். பக்கத்திலிருந்து அத்தான் மழை என்கிறார். அதற்குள் என் இடைவேளை முடிந்துவிடுகிறது. இனி முக்கியமானதெல்லாம் எழுத்தில்தான். நான் தட்டச்சுச் செய்து அனுப்புவேன். நீங்கள் கொப்பியில் எழுதிப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடுங்கள். எழுத்தில் கேட்டதை மழுப்ப முடியாது.

இங்கிலாந்தில் பழைய கணினிகளை வைத்திருக்கும் ஒரு அருங்காட்சியகம் அப்பாவின் மினிகணினியை எடுக்கச் சம்மதித்திருக்கிறது. கூடவே என்னையும். அதைத் திருத்தி ஓடவைக்க இரண்டு வருட வேலை. நிபந்தனை ஒன்றுதான்: நினைவகம் உயிரோடு இருக்கவேண்டும். அந்த வகையில் உலகத்தில் மூன்று இயந்திரங்கள்தான் மிச்சம். மற்ற இரண்டின் நினைவகமும் செத்துவிட்டது. ஏப்ரல் கடைசியில் அவர்களுடைய ஆள் வவுணதீவுக்கு வந்து பரீட்சிப்பார். நானும் அப்போது ஒப்பந்தம் முடிந்து வந்துவிடுவேன். அது தேறினால் இந்த உப்புநீர் ஆலையில் மீற்றர்களைத் துடைத்துக் கொண்டிருக்கும் வாழ்க்கை முடியும். தேறாவிட்டால் இதுதான் என் வாழ்க்கை.

நினைவகம் என்பது உள்ளே மூன்றாவது தட்டில் இருக்கும் சதுரச் சட்டம். குறுணல் அரிசியை விடச் சின்ன வளையங்கள், அவற்றுக்குள் தலைமயிர் போன்ற செப்புக் கம்பி. வளையத்துக்கு ஒன்றும் ஆகாது. கம்பிதான் உயிர். கம்பி ஒரு இடத்தில் விட்டாலும் எல்லாம் முடிந்தது. அத்தானுக்கு அது பழைய இரும்பு என்று எனக்குத் தெரியும். ஏப்ரல் வரைக்கும் இரும்பாகவே நினைத்துக்கொண்டு தொடாமல் இருக்கட்டும்.

அருங்காட்சியகம் இயந்திரத்தின் வரலாற்றையும் கேட்கிறது. அப்பா இருந்தபோது உங்களிடம்தான் கதைப்பார். தெரிந்ததை எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி நிதுர்ஷன்

*

மாமாங்கேஸ்வரர் துணை
வவுணதீவு
17.10.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீ அங்கே சரியாகச் சாப்பிடுகிறாயா? போன கிழமை போட்ட படத்தில் கழுத்தெலும்பு தெரிந்தது. நேற்று மாமாங்கத்துக்குப் போய் உன் பெயரில் அர்ச்சனை செய்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார், சொன்னேன்.

இங்கிலாந்து விசயம் சந்தோசம். அத்தானும் சந்தோசப்பட்டார். மெசின் போனால் பக்க அறை கிடைக்கும் என்ற சந்தோசமும் அதில் கொஞ்சம் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். அம்மா இந்த வீட்டை எனக்குச் சீதனமாக எழுதித் தந்த அன்று அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: அந்த அறை மெசினுக்கு. ஒழுகாத கூரை அந்த அறைக்குத்தான். ஆறு வருடமாக மழைக்கு நாங்கள் கட்டிலை இழுத்துத் திரிகிறோம், மெசின் நனையாமல் நிற்கிறது. இதைக் கோபத்தில் எழுதவில்லை. நீ கேட்ட வரலாற்றில் இதுவும் சேர்த்திதானே.

அப்பா சொன்னது இதுதான். எழுபத்து மூன்றில் வெளிநாட்டு உதவியில் நீர்ப்பாசனக் கந்தோருக்கு அந்த மெசின் வந்தது. எந்த வயல் வட்டைக்கு எந்த நாள் எத்தனை மணித்தியாலம் மதகு திறக்கவேண்டும் என்று கணக்குப் போடத்தான் அது. அப்பாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. காலையில் வந்ததும் முன்பக்கத்துச் சுவிச்சுகளை மேலும் கீழுமாகத் தட்டித்தான் அதை எழுப்பவேண்டுமாம். ஒரு சுவிச்சு பிழைத்தாலும் திரும்பவும் முதலிலிருந்து. ஒருநாள், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டைவிதானை சாமித்தம்பி வந்து அப்பாவைக் கேட்டாராம், "இந்தப் பெட்டிக்கு எங்கட வாய்க்கால் எங்க கோணுதெண்டு தெரியுமா மனே?" என்று. அப்பா "தெரியா. நீங்க சொன்னாத்தான் அதுக்குத் தெரியும்" என்றாராம். "அப்ப பெட்டி என்னத்துக்கு? நான் உன்னிட்டயே சொல்லிட்டுப் போறனே" என்று அவர் போய்விட்டாராம். மறுகா அவர்தான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து வாய்க்கால் கணக்குச் சொன்னவராம்.

எண்பத்து மூன்றில் நாட்டில் பிரச்சினை தொடங்கினதும் கந்தோரை மூடிவிட்டார்கள். மெசினைப் பழைய இரும்போடு ஏலத்தில் போட்டபோது அப்பா எடுத்தார். மாட்டு வண்டியில் வலையிறவுத் துறை வரை கொண்டுவந்து, வள்ளத்தில் ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவந்ததாம். அம்மா மூன்று நாள் அப்பாவோடு கதைக்கவில்லை.

அத்தான் உன் கடிதத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுக்கு மினி எண்டு பேர் வெச்சவன் ஒருநாளும் தூக்கிப் பாத்திருக்க மாட்டான்."

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன் அக்கா
அஜந்தா

*

சொஹார்
2024 ஒக்டோபர் 25

அன்புள்ள அக்கா,

சுகம். சாப்பிடுகிறேன். கழுத்தெலும்பு எல்லாருக்கும் இருக்கும்.

அத்தானுக்குச் சொல்லுங்கள்: மினி என்பது அதற்கு முன் இருந்ததோடு ஒப்பிட்டு வைத்த பெயர். அதற்கு முன் ஒரு கணினிக்கு ஒரு முழு மண்டபம் வேண்டும், தனிக் குளிரூட்டி வேண்டும், வெள்ளைச் சட்டை போட்ட ஆட்கள் வேண்டும். கேள்வியை ஒரு ஜன்னலால் கொடுத்துவிட்டு அடுத்த நாள் பதிலுக்கு வரவேண்டும். அறுபதுகளின் நடுவில்தான் ஒரு அலுமாரி அளவில் செய்தார்கள். ஒரு ஆள் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, கேட்டு, உடனே பதில் வாங்கலாம். கணினி பணக்காரக் கம்பனிகளை விட்டு ஆய்வுகூடத்துக்கும் ஆலைக்கும் வயல் கந்தோருக்கும் வந்தது அப்படித்தான். எங்கள் இயந்திரத்தைச் செய்த கம்பனி எட்டு வருடத்தில் மூடிப்போனது. பிறகு சின்னச் சில்லுகள் வந்தன, மினியும் போனது. மொத்தம் இருபது வருடத்துக் கதை. அதில் பத்து வருடம் எங்கள் மட்டக்களப்பு வாவிக் கரையில் நடந்திருக்கிறது. எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் கூரையைப் பற்றி முறையிடுகிறார்கள்.

நீங்கள் எழுதிய சாமித்தம்பி கதையைச் சேர்க்கமாட்டேன். அது வம்பு. எனக்கு வேண்டியது ஆண்டு, கொள்ளளவு, பாவனை.

இப்போது முக்கியமானது. மழை தொடங்கப்போகிறது. வெள்ளம் வந்தால் முதலில் இயந்திரம். மற்ற எதையும் தொடுமுன் இயந்திரம். வளவில் உயரமான இடம் பின்பக்கத்து நெல் அறைதான், தூணில் நிற்கிறது. தட்டுகளைத் தனித்தனியாகக் கழற்றி அங்கே ஏற்றுங்கள். இடமில்லை, பாரம் தாங்காது என்று எனக்கு எழுதவேண்டாம். இடம் பண்ணுவது உங்கள் வேலை. அத்தானிடம் இதை வேண்டுகோளாகச் சொல்லவேண்டாம்.

உங்கள் இருவரின் நலத்துக்கும் குறைவு வராமல் இருக்கட்டும்.

நிதுர்ஷன்

*

சொஹார்
2024 டிசம்பர் 1

அன்புள்ள அக்கா,

மட்டக்களப்பு முழுக்க வெள்ளம் என்று செய்தியில் காட்டுகிறார்கள். வவுணதீவுப் பாதையில் வள்ளம் ஓடுகிறது. ஐந்து நாளாக உங்கள் போனும் இல்லை, அத்தானுடையதும் இல்லை. ரவுணில் இருக்கும் கஜானி மாமியின் மகளிடம் கேட்டேன், நீங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பதாகவும் சுகம் என்றும் சொன்னாள். ஆகவே அதைக் கேட்கவில்லை.

இயந்திரம் எங்கே? அட்டைகள் நனைந்தனவா? நனைந்திருந்தால் துடைக்கவேண்டாம், வெயிலில் வைக்கவேண்டாம். கரண்ட் வந்ததும் முதலில் இதற்குப் பதில்.

நிதுர்ஷன்

*

மாமாங்கேஸ்வரர் துணை
வவுணதீவு
12.12.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும்.

மெசின் நனையவில்லை. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. நெல் அறைக்குள் வரவில்லை. தண்ணீர் ஏறத் தொடங்கின பின்னேரமே அத்தானும் பக்கத்து வளவு ஆட்களுமாக எல்லாத் தட்டையும் அங்கே ஏற்றிவிட்டார்கள். இடம் காணாமல் இருந்தது. இடம் பண்ணினோம்.

நீ எண்ணச் சொன்ன அட்டைகளை எண்ணினேன். நூற்றுப் பதினாறு. படம் அனுப்புகிறேன்.

வயல் முழுக்கத் தண்ணீர்தான். வடிந்துவிட்டது. அத்தான் இப்போது செங்கலடியில் அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போகிறார். விடியப் போனால் இருட்டினபிறகுதான் வருவார். முதுகு கொஞ்சம் நோகுதாம். வேறு விசேசம் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

சொஹார்
2024 டிசம்பர் 20

அன்புள்ள அக்கா,

நல்ல காரியம் செய்தீர்கள். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன், ஒரு அட்டையிலும் நீர்த்தடம் இல்லை. அருங்காட்சியகத்துக்கும் அனுப்பினேன். அங்கே பொறுப்பான பெண் "உங்கள் குடும்பத்தாருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறார். அதை உங்களுக்கு அப்படியே தருகிறேன்.

இனிக் கவனமாக வாசியுங்கள். இயந்திரத்தை வீட்டுக்குத் திரும்ப இறக்கவேண்டாம், சுவர்கள் ஈரம் கக்கும். நெல் அறையிலேயே இருக்கட்டும். தடித்த பொலித்தீன் வாங்கி யன்னலையும் கதவு இடுக்கையும் கூரை ஓட்டையையும் உட்பக்கமாக ஒட்டுங்கள். வாவிக் காற்று உள்ளே போகக்கூடாது. ஒரு எறும்பு மூச்சுவிடவும் வழி இருக்கக்கூடாது.

அத்தான் ஆலைக்குப் போவது நல்லதுதான். வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிடச் சம்பளம் மேல். முன்னமே போயிருக்கலாம்.

வரலாற்றில் பாதி எழுதிவிட்டேன். இன்று நினைவகப் பகுதி. அந்த வளையங்களைக் கோப்பதற்கு இயந்திரம் இருக்கவில்லை. பெண்கள்தான் பூதக்கண்ணாடிக்குக் கீழே ஊசியால் கோத்தார்கள். ஒரு சட்டத்துக்குக் கிழமைக் கணக்கில் எடுக்கும். ஒரு கம்பி தப்பினால் அவிழ்த்துத் திரும்பவும். அவர்களுடைய பெயர் எங்கும் இல்லை. கம்பனியின் பெயர் மட்டும் முன்பக்கத்தில் பித்தளையில் இருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் வந்தது.

அத்தானின் முதுகுக்கு ஏதாவது பூசச் சொல்லுங்கள்.

நிதுர்ஷன்

*

மாமாங்கேஸ்வரர் துணை
வவுணதீவு
19.01.2025

அன்புத் தம்பிக்கு,

தைப்பொங்கலுக்கு நீ எடுக்காததால் நாங்களே இரண்டு தரம் எடுத்தோம். வேலை என்று நினைத்துக்கொண்டோம். சுகமாக இருக்கிறாயா? நாங்கள் சுகம்.

இந்த முறை கொஞ்சம் நெல்லைப் பற்றி எழுதவேண்டி இருக்கிறது, பொறுத்துக்கொள். எங்கள் வட்டையில் வெள்ளத்துக்குப் பிறகு எல்லாரும் திரும்ப விதைத்தார்கள். மூன்று மாத நெல். இப்போது பச்சையாக நிற்கிறது. எங்கள் துண்டு மட்டும் சும்மா கிடக்கிறது, கண்ணுக்குக் குத்துகிறது. அத்தான் அந்தப் பக்கத்தால் போவதில்லை, சுற்றிப் போகிறார். பரவாயில்லை, சித்திரையில் சிறுபோக விதைப்பு வருகிறதுதானே. மிச்சம் நாலு மூட்டை விதைநெல் இருக்கிறது. இங்கேதான் ஒரு பிரச்சினை. மூட்டைகளில் வண்டு பிடித்திருக்கிறது. அந்துப்பூச்சியும் பறக்கிறது. கையை விட்டால் மாவாக வருகிறது. இப்படியே விட்டால் சித்திரைக்கு ஒரு மணியும் முளைக்காது என்று அத்தான் சொல்கிறார்.

(இரண்டாம் பக்கம்)

அந்த நாலு மூட்டையும் உன் மெசினோடு ஒரே அறையில்தான் கிடக்கிறது. வேறு இடத்தில் வைக்க ஈரமில்லாத இடம் இல்லை. எல்லாரும் நெல்லுக்கு வைக்கிற பூச்சிக் குளிசை இருக்கிறதே, புகைந்து பூச்சியைக் கொல்லும், அதை வைப்போமா என்று அத்தான் கேட்கிறார். அறையை நீ சொன்னபடி இறுக்கமாக ஒட்டியிருப்பதால் நன்றாக வேலை செய்யுமாம். எனக்கு மனம் கேட்கவில்லை. "தம்பியிட்டக் கேட்டுட்டு வைப்பம், அது மெசினுக்கு என்ன செய்யுமோ" என்று சொன்னேன். வைக்கலாமா கூடாதா என்று மட்டும் எழுது. கூடாது என்றால் மூட்டைகளை எப்படியாவது வெளியே எடுக்கிறோம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

சொஹார்
2025 ஜனவரி 24

அன்புள்ள அக்கா,

சுகம். பொங்கலன்று இரட்டைக் கடமை, போன் பெட்டகத்துக்குள் இருந்தது.

உங்கள் கடிதத்தின் முதல் படத்தைப் பாதிவரை வாசித்தேன். வட்டை, விதைநெல், சிறுபோகம். அதோடு நிறுத்திவிட்டேன், இரண்டாவது படத்தைத் திறக்கவில்லை. கோபிக்கவேண்டாம், வெளிப்படையாகச் சொல்கிறேன்: பன்னிரண்டு மணித்தியாலம் வேலை செய்துவிட்டு வந்து இருந்து வண்டு பிடித்த கதை வாசிக்க என்னால் முடியாது. எழுத்தில் கதைப்போம் என்று நான் சொன்னது இதற்காக இல்லை. இனி நெல்லைப் பற்றி எனக்கு எழுதவேண்டாம். இயந்திரத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள். அதுவும் புதிதாக ஏதாவது இருந்தால் மட்டும்.

செய்யவேண்டியதை எல்லாம் முன்பே எழுதிவிட்டேன். அறை ஒட்டியாயிற்றுத்தானே. ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டாம். அத்தானும் பெரிய ஆள், நீங்களும் பெரிய ஆள்.

மார்ச் மாதம் பொலித்தீனைப் பிரித்து, மூன்றாவது தட்டைத் திறந்து, நினைவகச் சட்டத்தையும் பக்கத்து அட்டைகளையும் மூன்று படம் எடுத்து அனுப்புங்கள். வருபவருக்கு முன்கூட்டியே காட்டவேண்டும்.

வரலாற்றை முடித்துவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது. இயந்திரம் வந்தாலும் வராவிட்டாலும் தங்கள் இணையத்தளத்தில் போடுவதாகச் சொல்கிறார்கள்.

உடம்பு கவனம்.

நிதுர்ஷன்

*

மாமாங்கேஸ்வரர் துணை
வவுணதீவு
23.03.2025

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகம் என்று நினைக்கிறேன்.

நீ கேட்ட மூன்று படமும் இத்துடன். பொலித்தீனை இன்றுதான் பிரித்தோம். தண்ணீர் எதுவும் உள்ளே வரவில்லை.

நீ சொன்னபடி வேறொன்றும் எழுதவில்லை.

அக்கா

*

சொஹார்
2025 மார்ச் 28

அக்கா,

இது என்ன?

அட்டைகளின் விளிம்பில் பொன்போல இருந்த தொடுமுனைகள் எல்லாம் கறுப்பு. நினைவகச் சட்டத்தின் நாலு பக்கத்திலும் கம்பி வந்து சேரும் இடங்கள் கறுப்பு. இரண்டாவது படத்தைப் பெருப்பித்தால் பதினேழு கம்பிகள் அந்த இடத்தில் அறுந்து நிற்பது தெரிகிறது. அதற்கு மேல் எண்ணவில்லை.

தண்ணீர் என்று எனக்குச் சொல்லவேண்டாம். தண்ணீர் பட்ட செம்பு பச்சை பிடிக்கும், இப்படிக் கரிபோல எண்ணெய்ப் பிசினோடு கறுக்காது. வாவிக் காற்றும் இல்லை, நாற்பது வருடம் அந்தக் காற்றில் நின்றது, ஒன்றும் ஆகவில்லை. இது ஒரு வாயு செய்த வேலை. மூடிய அறைக்குள் யாரோ எதையோ வைத்திருக்கிறார்கள். என்ன வைத்தீர்கள்? யார் வைத்தது? அத்தானுக்கு அந்த அறையின் மேலும் கண், பக்க அறையின் மேலும் கண் என்பது எனக்கு இன்று நேற்றுத் தெரிந்ததில்லை. ஆறு மாதமாக ஒன்றே ஒன்றைத்தான் உங்களிடம் கேட்டேன். ஒன்றே ஒன்று.

ஒரு மாதத்தில் ஆள் வருகிறார். பதில் உடனே வேண்டும்.

நிதுர்ஷன்

*

வவுணதீவு
06.04.2025

அன்புள்ள தம்பி நிதுர்ஷனுக்கு,

உதயரூபன் அத்தான் எழுதிக்கொள்வது. நான் உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தரம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ சுகமாக இருக்கவேண்டும். அக்கா எழுதவேண்டாம் என்றுதான் சொன்னாள். உன் கடைசிக் கடிதத்தை வாசித்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

வைத்தது நான். நெல்லுக்கு வைக்கிற பூச்சிக் குளிசை, செங்கலடியில் எல்லாக் கடையிலும் விற்கிறது. மாசி மாதம் வைத்தேன். அது செம்பைத் தின்னும் என்று எனக்குத் தெரியாது. நெல்லைத் தின்னாது என்பது மட்டும்தான் தெரியும்.

ஏன் வைத்தேன் என்றும் சொல்கிறேன். நவம்பரில் தண்ணீர் ஏறினபோது நெல் அறையில் பன்னிரண்டு மூட்டை விதைநெல் இருந்தது. வெள்ளம் பயிரை அழித்தால் திரும்ப விதைக்க என்று நான் ஒவ்வொரு வருடமும் கூட வைக்கிறது. மெசினை ஏற்ற வேண்டுமென்றால் பாதிக்கு மேல் இறக்கவேண்டும், தளம் இரண்டையும் தாங்காது. நான் அக்காவிடம் கேட்டேன், "விதைநெல்ல இறக்கினா மறுகா என்னத்த விதைக்கிற?" என்று. அக்கா சொன்னாள்: "தம்பி முதல்ல மெசின் எண்டு எழுதியிரிக்கான். அவன்ட வாழ்க்க இதுக்குள்ளதான் இரிக்கி. இறக்குங்க." எட்டு மூட்டையை இறக்கி மேசைமேல் அடுக்கினேன். தண்ணீர் மேசைக்கு மேலாலும் வந்தது. நாலாம் நாள் அது மூட்டைக்குள்ளேயே முளைத்துக் கிடந்தது. அள்ளி வாவியில் கொட்டினேன். வட்டையில் எல்லாரும் திரும்ப விதைத்தபோது என்னிடம் இருந்தது நாலு மூட்டை, அது ஒரு மூலைக்கும் காணாது. சிறுபோகத்துக்காவது இருக்கட்டும் என்று வைத்தேன். அதனால்தான் ஆலைக்குப் போனேன் தம்பி. சம்பளத்து ஆசையில் இல்லை.

அந்த நாலு மூட்டையில் வண்டு பிடித்தது. குளிசை வைக்கலாமா என்று உன்னைக் கேட்கச் சொன்னேன். அக்கா கேட்டு எழுதினாள். உன் பதிலை எனக்கு வாசித்துக் காட்டினாள். "ஒவ்வொண்டுக்கும் கேக்க வேணாமெண்டு எழுதியிரிக்கான், நாங்க பெரிய ஆக்களாம்" என்றாள். அந்தக் கடிதத்தில் இரண்டாவது படத்தைத் திறக்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். நான் "திரும்ப ஒருக்காக் கேளுகா" என்றேன். "கேட்டா நெல்லுக் கதை எண்டு பேசுவான், வேணாம்" என்றாள். மூன்று கிழமை பொறுத்துப் பார்த்தேன். பிறகு வைத்தேன்.

பக்க அறையின் மேல் எனக்குக் கண் என்று எழுதியிருந்தாய். அது உண்மை. ஒழுகாத அறையில் படுக்க எனக்கும் ஆசைதான். அதற்காக உன் மெசினைக் கெடுக்கிற ஆள் நான் இல்லை.

விதைநெல் வாங்கித் தருகிறேன், நட்டத்தைத் தருகிறேன் என்று எழுதிவிடாதே. எனக்கு வேண்டாம். அந்தப் போகம் போய்விட்டது, எதைக் கொடுத்தாலும் திரும்பி வராது. உன் மெசினும் அப்படித்தான் என்று விளங்குகிறது. அதற்கு எனக்கு உண்மையாகவே கவலை.

அக்கா இனி எழுதமாட்டாளாம். கோபம் இல்லையாம். என்ன எழுதுவது என்று தெரியவில்லையாம். வயலையும் நெல்லையும் விட்டால் எங்களிடம் எழுத வேறு விசயம் கிடையாது தம்பி.

சித்திரைப் புதுவருடத்துக்கு உனக்கு எங்கள் வாழ்த்து.

உதயரூபன்

*

சொஹார்
2025 ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

சுகமாக இருக்கிறீர்களா? அத்தானின் முதுகு எப்படி? நாலு மூட்டையும் முளைக்குமா? தண்ணீர் நின்ற அறையில் சுவர் காய்ந்ததா? இவ்வளவும் டிசம்பரில் கேட்டிருக்கவேண்டிய கேள்விகள். இப்போது கேட்பதால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உங்கள் ஜனவரிக் கடிதத்தின் இரண்டாவது படம் இன்னும் போனில் மங்கலாகக் கிடந்தது. விரலை வைத்தால் திறக்கும். பத்து நாள் வைக்கவில்லை. இன்று காலை திறந்தேன். ஒன்பது வரி. வாசிக்க அரை நிமிடம் எடுத்தது. "வேண்டாம், செம்பு அரிக்கும்" என்று மூன்று சொல்லில் பதில் எழுதியிருப்பேன். அந்த வாயு செம்பை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும், இங்கே தானியக் களஞ்சியம் ஒன்றில் மீற்றர் மாற்றப் போனபோது பார்த்திருக்கிறேன். அத்தானுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. தெரிந்த ஆளிடம் கேட்டார்.

மன்னிப்பு என்று ஒரு பந்தி எழுதினேன், அழித்துவிட்டேன். வாசித்தபோது அதுவும் கட்டளை போலவே இருந்தது. எனக்கு வருவது இதுதான், ஆகவே இப்படியே எழுதுகிறேன். இனி நான் செய்யப்போவது:

1. அருங்காட்சியகத்துக்கு இன்று எழுதுவேன். நினைவகம் செத்துவிட்டது, ஆள் வரவேண்டாம், வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள்.

2. இங்கே ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக் கையெழுத்து வைப்பேன். இந்த மாதம் வரமாட்டேன். வந்தாலும் உங்கள் வீட்டு வாசலில் என்ன சொல்லிக்கொண்டு ஏறுவது என்று தெரியவில்லை.

3. செங்கலடியில் பழைய இரும்பு எடுக்கும் றிஸ்வியோடு கதைப்பேன். அவருடைய ஆட்கள் வந்து நெல் அறையைக் காலி செய்வார்கள். அத்தான் ஒரு தட்டையும் தூக்கக்கூடாது. அட்டைகளை நீங்கள் வெறுங்கையால் தொடவேண்டாம், அந்தக் கறுப்புப் பிசின் தோலை எரிக்கும்.

4. பக்க அறையைப் பற்றி இனி வாய் திறக்கமாட்டேன். கட்டிலை இன்றே அங்கே போடுங்கள்.

5. விதைநெல் அனுப்பமாட்டேன், நட்டமும் அனுப்பமாட்டேன். அத்தான் வேண்டாம் என்றார். அவர் எழுதியதை முழுக்க வாசித்தேன்.

6. அருங்காட்சியகத்தில் போடும் வரலாற்றின் கடைசிப் பந்தியை மாற்றுவேன். அந்த மினிகணினி 2024 நவம்பர் வெள்ளத்தில் தப்பியது என்றும், அதற்காக எட்டு மூட்டை விதைநெல் வாவிக்குப் போனது என்றும், அதைக் காத்தவர்கள் அஜந்தா, உதயரூபன் என்றும் எழுதுவேன். அடுத்த வரியில் அது 2025 பெப்ரவரியில் அழிந்தது என்று எழுதுவேன். அழித்தவனின் பெயரைத் தனியாகச் சேர்க்கவேண்டியதில்லை. எழுதியவர் என்று தலைப்புக்குக் கீழே அது ஏற்கெனவே இருக்கிறது.

நிதுர்ஷன்